ஆறுமணிக்குருவியைப் பார்த்ததும் செய்யக்கூடாதவை

போன அக்டோபரில் புதிதாகப் பறவை பார்க்க வந்த தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, பார்த்துட்டேண்ணா!" எதை என்று கேட்கவே தேவையில்லை. பனிக்காலத்தில் தெற்கே வலசை வரும் ஆறுமணிக்குருவிக்காக (இந்தியன் பிட்டா) மூன்று வருடமாக அலைந்தவன். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்து, "குரூப்ல லொகேஷன் போட்டுட்டேன்" என்றான். தலையில் கை வைத்துக்கொண்டேன். எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே காரியம்.

சத்தம் போடாதீர்கள், சிவப்புச் சட்டை போடாதீர்கள் என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. இவை வேறு.

மரத்தையே அண்ணாந்து பார்ப்பது

இது தரையில் இரை தேடும் பறவை. சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும். தவிட்டுக்குருவியும் சருகைக் கிளறும். ஆனால் அது கூட்டமாகக் கத்திக்கொண்டே கிளறும். ஆறுமணிக்குருவி தனியாள். இரண்டு தாவல், ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தாவல். அந்தச் சரசரப்பைக் காது பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும்போது மட்டும் கிளையில் ஏறி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கூப்பிடும். அப்போது அண்ணாந்து பாருங்கள்.

லொகேஷன் அனுப்புவது

எட்டு வருடத்துக்கு முன், அதைத் தேடி எனக்கு ஐந்தாவது பனிக்காலம். ஒரு மாலை மூங்கில் புதருக்கு அடியில், பத்தடி தூரத்தில் நின்றது. பச்சை முதுகு, கண்ணோரம் மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. அந்தக் கட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. நாலு நிமிடம் இருக்கும். வண்டியை எடுக்கும் முன்பே குரூப்பில் லொகேஷன் அனுப்பிவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். இரவு தூக்கமே இல்லை.

மறுநாள் விடியலில் போனால் அங்கே பதினாறு பேர். ஒருவர் ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதன் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் படத்துக்கு மறைக்கிறது என்று சின்னக் கிளைகளை ஒடித்தார். குருவி, தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு வெளியே வந்து வந்து தேடியது. கிடைத்தது கேமரா சத்தம்தான். அது கிளற வேண்டிய சருகெல்லாம் காலடியில் தூளாகிக் கிடந்தது. மூன்றாம் நாள் குரலே இல்லை. அந்தப் பனிக்காலம் முழுக்க மாலையில் போய் நின்றிருக்கிறேன். இல்லை.

இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல்தான், முதலில் என் மேலேயே. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, இரவு இரவாகப் பறந்து தெற்கே வருகிறது அது. ஏப்ரல், மே மாதத்தில் திரும்பிப் போவதற்குள் உடம்பைத் தேற்ற வேண்டும். அதற்கு இருப்பது அந்தத் துண்டு நிழல் மட்டும்.

சரி, மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது. சொல்லுங்கள், மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவர் இருவரை நீங்களே கூட்டிப்போங்கள். பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் தளத்தில் உங்கள் பட்டியலைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கும் வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால், போனில் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போய்விடலாம். ஜாக்கிரதை. நான் சொன்னதும் அந்தத் தம்பி லொகேஷனை உடனே அழித்துவிட்டான். ஆனால் அதற்குள் இரண்டு பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

பார்த்த நொடியே கேமராவைத் தூக்குவது

முதலில் கண். அப்புறம் கேமரா.

குரல் கேட்டதை 'பார்த்தேன்' என்று எழுதுவது

கேட்டால் 'கேட்டேன்' என்று எழுதுங்கள்.

வீட்டுக்குள் வந்ததை வைத்துக்கொண்டு கொண்டாடுவது

வலசை வரும் நாட்களில் களைத்துப்போய், சில சமயம் கண்ணாடியில் மோதி, வீட்டுக்குள்ளேயே வந்து விழும். தேடாமலே கிடைத்ததே என்று ஆளாளுக்குக் கையில் வாங்கிப் படம் எடுப்பார்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு மரநிழல் பக்கம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிறகு தொங்கினாலோ எழவே முடியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.