புரோலாக்டின் குப்பியைத் திறப்பதற்கு முன்னால்

மனித மார்பகப் புற்றுநோயிலிருந்து வந்த டி47டி செல்களில் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை, அதுவும் சுண்டெலியுடையதை ஊற்றிவிட்டு, செல்லுக்குள் அதன் சைகையைக் கொண்டுபோகும் ஸ்டாட்5 என்ற புரதம் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். ஆன்டிபாடியை மாற்றினேன், செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரை மாற்றினேன், செல்களையே தூக்கிப்போட்டு, உறையவைத்திருந்த வேறு செல்களைப் புதிதாக உருக்கினேன். கடைசியில் பார்த்தால் தப்பு நான் வாங்கிய குப்பியில். ஃப்ரீசரில் ஏற்கெனவே இருக்கிறதே என்று எடுத்தது. குப்பியின் மேல் என்ன விலங்கின் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்தேன், பார்த்தும் அது முக்கியம் என்று தோன்றவில்லை. அதனால், இந்தப் புரதத்தை முதல்முறையாக வாங்கப்போகிறவர்களுக்கு நான் அன்று தெரிந்துகொண்டிருக்க வேண்டியவற்றை எழுதிவைக்கிறேன்.

முதலில் விலங்கு. ஹார்மோன் செல்லில் போய் உட்காரும் இடம்தான் ஏற்பி. மனிதப் புரோலாக்டின் சுண்டெலி ஏற்பியிலும் வேலை செய்யும், எலி ஏற்பியிலும் வேலை செய்யும். சுண்டெலிப் புரோலாக்டினோ மனித ஏற்பியைச் சரியாகத் தூண்டாது. இந்தப் பாதை ஒருவழிப் பாதை. இதனால் அடிபட்டது நான் மட்டுமில்லை. மனிதக் கட்டியைச் சுண்டெலிக்குள் வளர்த்து ஆராய்கிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்: சுண்டெலியின் சொந்தப் புரோலாக்டின் அந்த மனிதக் கட்டிக்குக் கேட்கவே கேட்காது, அதனால் மனிதப் புரோலாக்டினைச் சுரக்கும் சுண்டெலிகளைத் தனியாக உருவாக்க வேண்டி வந்தது. ஆகவே உங்கள் செல்லின் ஏற்பி எந்த விலங்குடையதோ அதே விலங்கின் ஹார்மோனை வாங்குங்கள். முடியவில்லை என்றால் மனிதனுடையதை வாங்குங்கள். எதிர்த்திசையில் போகாதீர்கள்.

ஆட்டுப் புரோலாக்டின் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். செம்மறி ஆட்டின் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்தது. சுண்டெலிப் பால்சுரப்பி செல்களான எச்சி11-ஐ வளர்க்கிறவர்கள் டெக்ஸாமெத்தசோன், இன்சுலின் இரண்டோடும் இதை மைக்ரோகிராம் கணக்கில் கொட்டிப் பீட்டா கேசின் என்ற பால் புரதத்தை வரவைப்பது பழைய வழக்கம், அதில் தப்பும் இல்லை. ஆனால் சுரப்பியிலிருந்து எடுத்த சரக்கில் அந்தச் சுரப்பியின் மற்ற ஹார்மோன்களும் சொட்டுச்சொட்டாக ஒட்டிக்கொண்டு வரலாம். மரபணுவை வேறு செல்லில் செலுத்திச் செய்யவைக்கும் ரீகாம்பினன்ட் புரதத்துக்கு நாம் காசு கொடுப்பதே இந்தச் சந்தேகத்தைத் தவிர்க்கத்தான்.

இங்கே கொஞ்சம் பழங்கதை. 1928-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஸ்ட்ரிக்கரும் க்ரூட்டரும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றி முயல்களுக்குப் பால் சுரக்கவைத்தார்கள். 1933-இல் ரிடில், பேட்ஸ், டைக்ஷார்ன் மூவரும் அதற்குப் புரோலாக்டின் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் அளந்த முறை புறாவின் தொண்டைப்பை எவ்வளவு தடிக்கிறது என்பது, ஏனென்றால் புறா தன் குஞ்சுக்கு ஊட்டும் பாலும் இந்த ஹார்மோனால்தான் வருகிறது. இத்தனைக்குப் பிறகும் மனிதனுக்கென்று தனியாக ஒரு புரோலாக்டின் இருக்கிறதா என்ற சந்தேகம் 1970 வாக்கில்தான் தீர்ந்தது. காரணம் இன்றைக்கும் உங்கள் மேசையில் இருக்கிறது: மனித வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டின் ஏற்பியில் போய் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும். சோதனையில் ஒரு விளைவு தெரிந்தால் அது புரோலாக்டினால்தான் என்று உடனே எழுதிவிடாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

சரி, விலங்கு முடிவாகிவிட்டது. அடுத்து, அதை எதில் செய்தார்கள் என்று பாருங்கள். முதிர்ந்த மனிதப் புரோலாக்டின் 199 அமினோ அமிலங்கள், சுமார் 23 கிலோடால்டன், உள்ளே கந்தக அணுக்கள் போடும் மூன்று டைசல்பைடு முடிச்சுகள். செல்லுக்குள் அது 227 அமிலங்களோடு உருவாகிறது, முன்னால் இருக்கும் 28 வெளியேறும்போது வெட்டுப்பட்டுவிடும். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தால் பெரும்பாலும் உருண்டைக் கட்டிகளாக, அதாவது இன்க்ளூஷன் பாடிகளாகப் படிந்துவிடும், அதை யூரியாவிலோ குவானிடினிலோ கரைத்து மறுபடி மடிக்க வேண்டும். அந்த மூன்று முடிச்சுகளும் சரியான ஜோடிகளோடு விழுந்தால்தான் ஹார்மோன். இல்லையென்றால் அதே எடையுள்ள வெறும் புரதம். இன்னொன்று, மனிதப் புரோலாக்டினில் 31-ஆம் இடத்து அஸ்பராஜினில் சர்க்கரை ஏறலாம். பாக்டீரியா அதை ஏற்றாது, மனித ஹெக்293 செல்கள் ஓரளவு ஏற்றும். பொதுவாகச் சர்க்கரை ஏறிய வடிவத்துக்கு வீரியம் குறைவு. எனவே ஈ.கோலைக் குப்பியிலிருந்து ஹெக் குப்பிக்குப் பாதி ஆராய்ச்சியில் மாறினீர்கள் என்றால் பழைய அளவும் புதிய அளவும் ஒன்றல்ல. மாறாதீர்கள், மாறித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

புரதத்தைப் பிரித்தெடுக்க வசதியாக மாட்டும் டேக் இருக்கிறதா, எந்த முனையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். புரோலாக்டினின் முன்முனை சும்மா தொங்கிக்கொண்டிருப்பது இல்லை, ஒரு ஹார்மோன் மூலக்கூறு பிடிக்கும் இரண்டு ஏற்பிகளில் இரண்டாவதைப் பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆறு ஹிஸ்டிடின் கொண்ட டேக் மாட்டியிருந்தாலும் நன்றாக வேலை செய்யும் சரக்கு உண்டு, அதனால் பயப்பட வேண்டாம், வீரியக் கணக்கை மட்டும் கேட்டு வாங்குங்கள். வெறுமனே “தூய்மை 95 சதவீதத்துக்கு மேல்” என்று போட்டிருப்பதை நான் மதிப்பதே இல்லை. தப்பாக மடிந்த புரதமும் ஜெல்லில் 95 சதவீதம் காட்டும்.

வீரியம் பார்க்க வழக்கமான சோதனை என்பி2 செல். எலியின் லிம்ஃபோமாவிலிருந்து வந்தது, புரோலாக்டின் மாதிரியான லாக்டோஜன் ஹார்மோன் இல்லாவிட்டால் பெருகாது, மில்லிக்கு ஒரு நானோகிராமுக்கும் கீழேயே பதில் சொல்லிவிடும். இங்கே நிறையப் பேர் விழும் பள்ளம் சீரம். கன்றுக்கருச் சீரத்திலேயே மாட்டின் லாக்டோஜன்கள் இருப்பதால் செல்கள் உங்கள் ஹார்மோனுக்குக் காத்திருக்காமல் தானாகப் பெருகிக்கொண்டிருக்கும், கட்டுப்பாட்டுக் குழியும் சோதனைக் குழியும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் சோதனைக்கு முன் குதிரைச் சீரத்துக்கு மாற்றிப் பட்டினி போடுகிறார்கள். “நான் கரித்தூள் போட்டு வடித்த சீரம்தான் பயன்படுத்துகிறேன்” என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். கரி ஸ்டீராய்டைத்தான் பிடிக்கும், புரத ஹார்மோனை அப்படியே விட்டுவிடும்.

குப்பி வந்துவிட்டது என்று வையுங்கள். உலர்தூளாக வந்திருக்கும், அடியில் வெள்ளைப் படலம் மாதிரி, சில சமயம் கண்ணுக்கே தெரியாது. மூடியைத் திறக்காமல் முதலில் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், இல்லையென்றால் காசு மூடியோடு போய்விடும். எதில் கரைக்க வேண்டும் என்பதை அந்தத் தயாரிப்புத் தொகுதியின் (லாட்) தாளில் பாருங்கள், நண்பர் சொன்னதை நம்பாதீர்கள்; சிலது வெறும் ஸ்டெரைல் தண்ணீரில் கரையும், சிலதுக்கு 0.4 சதவீத சோடியம் பைகார்பனேட் கேட்பார்கள், இந்தப் புரதம் லேசான காரத்தில் நிம்மதியாகக் கரைவதால். வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் வேண்டாம். பக்கச் சுவரில் வழியவிட்டு, பத்து நிமிடம் விட்டு, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தால் போதும், நுரை வந்தால் புரதம் கெடுகிறது என்று அர்த்தம்.

கணக்கு இப்படிப் போகும். 50 மைக்ரோகிராம் குப்பியில் 500 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். இருபது இருபது மைக்ரோலிட்டராகப் பிரித்தால் 25 சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 2 மைக்ரோகிராம், நேராக மைனஸ் 80. ஒரு குழாயை ஒரு தடவைதான் உருக்க வேண்டும், மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள், திரும்ப உறையவைக்கும் கஞ்சத்தனத்தில்தான் பாதி முடிவுகள் கோணலாகின்றன. 2 மில்லிக் குழியில் மில்லிக்கு 100 நானோகிராம் வேண்டும் என்றால் இந்தச் சரக்கில் 2 மைக்ரோலிட்டர் போதும், ஆனால் 2 மைக்ரோலிட்டரைத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் எடுக்க யாராலும் முடியாது, அதனால் பத்து மடங்கு நீர்த்துவிட்டு 20 எடுங்கள். நீர்க்கும் பஃபரில் 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) இருக்கட்டும். நானோகிராம் அளவுக்கு வந்துவிட்டால் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு உங்கள் செல்லுக்குப் போய்ச் சேராது. கட்டுப்பாட்டுக் குழிக்கும் அதே பிஎஸ்ஏ கலந்த பஃபரைத்தான் விட வேண்டும், வெறும் மீடியத்தை அல்ல. மோலார் கணக்கு வேண்டும் என்றால் 23 நானோகிராம் ஒரு மில்லியில் இருந்தால் அது ஒரு நானோமோலார், மனதில் வைத்துக்கொள்ள எளிது.

எவ்வளவு போடுவது? கர்ப்பமில்லாத பெண்ணின் ரத்தத்தில் வழக்கமாக மில்லிக்கு 25 நானோகிராமுக்குள் இருக்கும், பிரசவ மாதத்தில் 200-ஐயும் தாண்டும். இந்த வட்டத்துக்குள் நான்கைந்து அளவுகளாக வைத்துப் பாருங்கள். கூடக்கூட நல்லது என்று நினைத்து மைக்ரோகிராமுக்குத் தாவினால் விளைவு ஏறாமல் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். ஒரே ஹார்மோன் மூலக்கூறு தன் இரண்டு முகங்களால் இரண்டு ஏற்பிகளையும் சேர்த்துப் பிடித்தால்தான் உள்ளே ஜாக்2 என்ற நொதி விழித்து ஸ்டாட்5-ஐத் தட்டும். ஹார்மோன் மிதமிஞ்சினால் ஆளுக்கொரு ஏற்பியைப் பிடித்துக்கொண்டு ஜோடி சேரவிடாது. இதே தத்துவத்தில்தான் 129-ஆம் இடத்துக் கிளைசினை அர்ஜினினாக மாற்றிய எதிர்ப்பு வடிவமும் வேலை செய்கிறது, இரண்டாவது முகத்தைக் கெடுத்துவிட்ட புரோலாக்டின் அது. உங்கள் விளைவு உண்மையில் ஏற்பி வழியாக வருகிறதா என்று காட்ட அதையும் ஒரு குழியில் போடுங்கள். முதல் ஒன்பது அமிலங்களையும் நீக்கிய வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள், ஏனென்றால் வெறும் அர்ஜினின் மாற்றம் மட்டும் உள்ளது சில செல்களில் லேசாகத் தூண்டவும் செய்யும்.

புதிய லாட் வந்தால் நான் முதலில் செய்வது ஒரு ஜெல். ஒரு குழியில் டைசல்பைடு முடிச்சுகளை அவிழ்க்கும் டிடிடி போட்டது, பக்கத்துக் குழியில் போடாதது. போடாததில் 46 கிலோடால்டன் பக்கம் பட்டை தெரிந்து, போட்டதில் அது மறைந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தப்பாக முடிச்சுப் போட்டிருக்கின்றன. இதைவிடச் சுவாரசியமானது இன்னொன்று: கத்தெப்சின் டி போன்ற நொதிகளால் வெட்டுப்பட்ட புரோலாக்டின், முடிச்சு பிடித்துக்கொண்டிருப்பதால் 23-இலேயே ஓடும், டிடிடி போட்டதும்தான் 16-இல் ஒரு துண்டும் அதைவிடச் சின்னதாக ஒன்றும் பிரிந்து தெரியும். அந்த 16 கிலோடால்டன் துண்டுக்கு வேலையே வேறு, ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும், முழு ஹார்மோனின் ஏற்பியைச் சார்ந்து அது வேலை செய்வதும் இல்லை. ரத்தக்குழாயின் உட்சுவரான எண்டோதீலியல் செல்களில் வேலை செய்கிறவர்கள் இந்த ஜெல்லைப் போடாமல் எதையும் எழுதக்கூடாது என்பது என் பிடிவாதம்.

அப்புறம் எண்டோடாக்ஸின், அதாவது பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எல்பிஎஸ் என்ற நச்சு. ஈ.கோலைச் சரக்கு என்றாலே இது கூடவே வரும். தாளில் மைக்ரோகிராமுக்கு ஒரு இயூ-வுக்குக் (எண்டோடாக்ஸின் அலகு) கீழே என்று போட்டிருந்தால், நீங்கள் மில்லிக்கு ஒரு மைக்ரோகிராம் போடும்போது அதிகபட்சம் ஒரு இயூ, ஏறத்தாழ 0.1 நானோகிராம் எல்பிஎஸ் செல்லுக்குப் போகலாம். மார்பகச் செல் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், நோயெதிர்ப்புச் செல்களான மோனோசைட்டும் மேக்ரோஃபேஜும் அப்படி இருக்காது. அவை சைட்டோகைனைக் கொட்டும், நீங்கள் புரோலாக்டின் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று எழுதிவிடுவீர்கள். எளிய சோதனை ஒன்று உண்டு: அதே சரக்கைக் கொதிக்கவைத்து இன்னொரு குழியில் விடுங்கள். புரதம் கெட்டுவிடும், எல்பிஎஸ் தாக்குப்பிடிக்கும். கொதிக்கவைத்ததும் அதே விளைவைத் தந்தால் அது உங்கள் ஹார்மோன் இல்லை. எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேர்த்த குழி ஒன்றையும் கூடவே வைத்தால் இன்னும் நல்லது.

முதல் ஓட்டத்துக்கு டி47டி-யோ, இன்னொரு மனித மார்பகப் புற்றுச் செல்லான எம்சிஎஃப்-7-ஓ போதும். சீரம் இல்லாமல் இரவு முழுக்க வைத்து, ஹார்மோன் விட்டு 15-இலிருந்து 30 நிமிடத்துக்குள் லைஸ் செய்து, பாஸ்பேட் ஏறித் தூண்டப்பட்ட ஸ்டாட்5-ஐ, அதாவது பாஸ்போ ஸ்டாட்5-ஐப் பாருங்கள். அடுத்த நாள் வரை காத்திருந்தால் அந்த அலை அடங்கிப்போயிருக்கும்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஹார்மோன் அளவைக் காட்டும் எலைசா சோதனையின் ஆன்டிபாடியும் விலங்கைப் பொறுத்தது, மனிதக் கிட்டில் சுண்டெலிச் சீரத்தை விட்டுப் பூஜ்யம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மருத்துவமனை ஆய்வகங்கள் மில்லி சர்வதேச அலகில் எழுதுவார்கள், மில்லிக்கு ஒரு நானோகிராம் என்றால் லிட்டருக்கு சுமார் 21.2 மில்லி அலகு என்று மாற்றிக்கொள்ளலாம். மனிதச் சீரத்தில் காரணமில்லாமல் அதிகமாக வந்தால் புரோலாக்டினோடு ஐஜிஜி ஆன்டிபாடி ஒட்டிக்கொண்ட மேக்ரோபுரோலாக்டினாக இருக்கலாம். 25 சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 கரைசலைச் சம அளவு கலந்து சென்ட்ரிஃபியூஜ் செய்தால் அது அடியில் படிந்துவிடும், மேல்நீரை அளந்தால் தெரிந்துவிடும். நீர்த்த கணக்கைப் பெருக்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

உயிருள்ள சுண்டெலியில் அளப்பவர்களுக்கு: வாலைப் பிடித்துத் தூக்கிய பதற்றத்திலேயே புரோலாக்டின் ஏறிவிடும். ரத்தம் எடுக்கப்போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, அதே ஆள், அதே நேரத்தில், தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள்.