போட்டோவுக்கு இரண்டு அளவுகள்: பைதானில் படக் கோப்புகளைக் கையாளுவது எப்படி?

'அளவு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு போட்டோவுக்கு இரண்டு அளவுகள் உண்டு. எத்தனை பிக்சல் அகலம், எத்தனை பிக்சல் உயரம் என்பது ஒன்று. அந்தக் கோப்பு எத்தனை கேபி இடம் பிடிக்கிறது என்பது இன்னொன்று.

அக்கா மகள் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது ஒரு சாயங்காலம் முழுக்க இந்தக் குழப்பத்தில்தான் போனது. 'அளவு சரியில்லை' என்று வந்ததும் போட்டோவைச் சின்னதாக்கினாள். மறுபடியும் அதே செய்தி. இன்னும் சின்னதாக்கினாள். கடைசியில் பார்த்தால், 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டிய கோப்பு 20 கேபிக்கும் கீழே இறங்கியிருந்தது. அன்று ராத்திரி பைதான் நிரல்மொழியில் இருபது வரி எழுதினேன். அந்த இருபது வரியைத்தான் இங்கே ஒவ்வொன்றாகக் கட்டப்போகிறோம்.

குழப்பம் வராமல் இருக்க, பிக்சலைச் சொல்லும்போது 'அளவு' என்றும், கேபியைச் சொல்லும்போது 'எடை' என்றும் எழுதுகிறேன்.

படி 1: நிறுவுதல்

பைதான் 3 உங்கள் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படங்களைக் கையாள 'பில்லோ' என்ற ஆயத்த நிரல் தொகுப்பு வேண்டும். டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறந்து இதைக் கொடுங்கள்:

    பிப் இன்ஸ்டால் பில்லோ

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாம் சின்ன எழுத்துதான், சில விதிவிலக்குகள் தவிர: பிஐஎல், ஆர்ஜிபி, ஆர்ஜிபிஏ, ஜேபெக் ஆகியவை முழுக்கப் பெரிய எழுத்து, இமேஜ் என்பதில் முதல் எழுத்து பெரியது, இமேஜ்ஆப்ஸ் என்பதில் ஐ, ஓ இரண்டும் பெரியவை, பைட்ஸ்ஐஓ என்பதில் பி, ஐ, ஓ மூன்றும் பெரியவை. ஆனால் படம், எடை, தரம், பெட்டி போன்ற மாறிகளின் பெயரைத் தமிழிலேயே தட்டலாம். பைதான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். மாறியின் பெயர் சொந்த மொழியில் இருந்தால் புதிதாகக் கற்பவருக்கு எது கட்டளை, எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. இதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

நிறுவும்போது 'பில்லோ', நிரலில் அழைக்கும்போது 'பிஐஎல்'. ஏன் இரண்டு பெயர்? ஃப்ரெட்ரிக் லுண்ட் 1995இல் தொடங்கியது பைதான் இமேஜிங் லைப்ரரி. அதன் சுருக்கம்தான் பிஐஎல். 2009க்குப் பிறகு அதில் புதிய வெளியீடு வரவில்லை. 2010இல் அதிலிருந்து கிளை பிரிந்து வளர்ந்தது பில்லோ. பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காக அழைக்கும் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டார்கள்.

படி 2: முதலில் பார்ப்போம், பிறகு தொடுவோம்

    இம்போர்ட் ஓஎஸ்
    ஃப்ரம் பிஐஎல் இம்போர்ட் இமேஜ், இமேஜ்ஆப்ஸ்

    படம் = இமேஜ்.ஓப்பன்("மூலம்.ஜேபிஜி")
    பிரிண்ட்(படம்.சைஸ், படம்.மோட், படம்.ஃபார்மட்)
    பிரிண்ட்(ஓஎஸ்.பாத்.கெட்சைஸ்("மூலம்.ஜேபிஜி"))

முதல் பிரிண்டில் வரும் சைஸ் என்பது அளவு: (4000, 3000) என்பதுபோல இரண்டு எண்கள். அகலம் முதலில், உயரம் அடுத்து. அதையடுத்து வரும் மோட் நிற வகை, ஃபார்மட் கோப்பு வகை. கடைசி வரியில் வரும் கெட்சைஸ் என்பது எடை, பைட் கணக்கில். பாருங்கள், ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் 'சைஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குழப்பம் நம் மொழிக்கு மட்டும் உரியதல்ல.

4000 பெருக்கல் 3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஆக, மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட். ஆனால் கோப்பின் எடை சில எம்பிதான் இருக்கும், ஜேபெக் என்ற கோப்பு வகை (ஜேபிஜி என்பதும் அதுதான்) அதை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறது. ஓப்பன் கட்டளை அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. தலைப்பகுதியை மட்டும் படித்து அளவைச் சொல்லிவிடுகிறது. அதனால் ஆயிரம் படங்களின் அளவைப் பட்டியல் எடுத்தாலும் நேரம் அதிகம் ஆகாது.

படி 3: சாய்ந்த படத்தை நிமிர்த்துங்கள்

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், ஆனால் அளவு 4000க்கு 3000 என்று வருகிறதா? போன் பல சமயம் படத்தைப் படுத்தவாக்கில் சேமித்துவிட்டு, 'காட்டும்போது 90 பாகை திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் என்னும் குறிப்பில் எழுதி வைக்கிறது. கேலரி செயலி அதைப் படித்துத் திருப்பிக் காட்டும். பில்லோ தானாகத் திருப்பாது. போதாததற்கு, புதிய ஜேபெக்காகச் சேமிக்கும்போது நாம் கேட்டாலொழிய அந்தக் குறிப்பு கூடவே வராது. முகம் பக்கவாட்டில் சாய்ந்த படங்கள் இப்படித்தான் உருவாகின்றன. தீர்வு ஒரே வரி:

    படம் = இமேஜ்ஆப்ஸ்.எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ்(படம்)

இதை எப்போதும் முதல் வேலையாகச் செய்யுங்கள். வெட்டிய பிறகு நிமிர்த்திப் பயனில்லை. எக்ஸிஃப் கூடவே வராமல் போவதில் ஒரு நன்மையும் உண்டு: படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் அதில் இருந்தால், அதுவும் போய்விடும்.

படி 4: பின்னணியை வெள்ளையாக்குதல்

ஜேபெக் கோப்பில் ஒளிபுகும் பகுதி என்று ஒன்று கிடையாது. பிஎன்ஜி என்ற கோப்பு வகையில் உண்டு. அப்படிப்பட்ட பிஎன்ஜியை நேராக ஜேபெக்காகச் சேமிக்கப் பார்த்தால் பிழை வரும். கன்வர்ட் கட்டளையால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் மட்டும்; ஆர்ஜிபிஏ என்றால் ஒளிபுகும் விவரமும் சேரும்) ஆக்கினால் பிழை போகும், ஆனால் ஒளிபுகும் இடம் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். கறுப்பு மையில் போட்ட கையெழுத்து என்றால் எதுவுமே தெரியாது. அதனால் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் படத்தை ஒட்டுகிறோம்:

    படம் = படம்.கன்வர்ட்("ஆர்ஜிபிஏ")
    தாள் = இமேஜ்.நியூ("ஆர்ஜிபி", படம்.சைஸ், "ஒயிட்")
    தாள்.பேஸ்ட்(படம், மாஸ்க்=படம்)
    படம் = தாள்

சாதாரண போட்டோவுக்கும் இது கெடுதல் செய்யாது. அதனால் நிரலில் நிரந்தரமாகவே விட்டுவிடலாம்.

படி 5: அளவு

ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு விண்ணப்பங்களில் போட்டோவுக்கு 200க்கு 230 பிக்சல், எடை 20 முதல் 50 கேபி. கையெழுத்துக்கு 140க்கு 60 பிக்சல், எடை 10 முதல் 20 கேபி என்று கேட்பது வழக்கம். உங்கள் அறிவிப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரீசைஸ் கட்டளை சொன்ன அளவுக்கு அப்படியே இழுத்துவிடும். முகம் நீண்டோ அகன்றோ போகும். தம்ப்நெயில் விகிதத்தைக் காப்பாற்றும், ஆனால் சரியாக 200க்கு 230 என்று வராது. நமக்கு வேண்டியது ஃபிட்: விகிதம் பொருந்தும்படி ஓரத்தை வெட்டி, பிறகு சுருக்கும்.

    படம் = இமேஜ்ஆப்ஸ்.ஃபிட்(படம், (200, 230), சென்டரிங்=(0.5, 0.2))

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 3000க்கு 4000 படத்தை இந்த விகிதத்துக்குக் கொண்டுவர உயரத்தில் 550 பிக்சல் வெட்ட வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் மேலே 275, கீழே 275 என்று சமமாக வெட்டும், தலைமுடி போய்விடலாம். 0.2 என்றால் மேலே 110 மட்டும், மீதி 440 கீழே. போட்டோவில் தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்கேற்ப இந்த எண்ணை மாற்றுங்கள்.

தம்ப்நெயிலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இருக்கிற படத்தையே மாற்றும். புதிதாக எதையும் திருப்பித் தராது. படம் = படம்.தம்ப்நெயில்(...) என்று எழுதினால் படம் 'நன்' (ஒன்றுமில்லை) ஆகிவிடும், அடுத்த வரியில் பிழை வரும். இன்னொன்று, பழைய விளக்கங்களில் படத்தைச் சுருக்கும் முறைக்கு 'ஆன்டிஅலையாஸ்' என்ற பெயரைப் பார்ப்பீர்கள். 2023இல் வந்த பில்லோ 10இல் அதை நீக்கிவிட்டார்கள். 'லான்சோஸ்' (இதுவும் முழுக்கப் பெரிய எழுத்து) என்று மாற்றிவிட்டால் நிரல் ஓடும்.

படி 6: எடை

ஜேபெக்கில் எடையைத் தீர்மானிக்கும் திருகு 'குவாலிட்டி'. நாம் சொல்லாவிட்டால் 75. திருகைக் குறைத்தால் எடை குறையும், கூடவே படத்தின் நுணுக்கமும் போகும். எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட முடியாது. பூப்போட்ட சட்டை ஒரு எடை, வெள்ளைச் சட்டை ஒரு எடை. அதனால் செய்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எழுதாமல், நினைவகத்தில் ஒரு பெட்டி வைத்து அதில் போட்டு நிறுத்துப் பார்ப்போம்:

    ஃப்ரம் ஐஓ இம்போர்ட் பைட்ஸ்ஐஓ

    ஃபார் தரம் இன் ரேஞ்ச்(95, 25, -5):
        பெட்டி = பைட்ஸ்ஐஓ()
        படம்.சேவ்(பெட்டி, ஃபார்மட்="ஜேபெக்", குவாலிட்டி=தரம்)
        எடை = லென்(பெட்டி.கெட்வேல்யூ())
        இஃப் எடை <= 50000:
            பிரேக்

    பிரிண்ட்(தரம், எடை)
    வித் ஓப்பன்("தயார்.ஜேபிஜி", "டபிள்யூபி") ஆஸ் கோப்பு:
        கோப்பு.ரைட்(பெட்டி.கெட்வேல்யூ())

95இல் தொடங்கி ஐந்தைந்தாக இறங்குகிறோம். எடை வரம்புக்குள் வந்த உடனே நிறுத்திவிடுகிறோம், ஆக கிடைப்பது அந்த எடைக்குள் வரக்கூடிய நல்ல தரம். பெட்டிக்குக் கோப்புப் பெயர் கிடையாது என்பதால் ஃபார்மட்டை நாம்தான் சொல்ல வேண்டும். நான்கு எழுத்து ஜேபெக் என்றே கொடுங்கள்; மூன்றெழுத்து ஜேபிஜி என்றால் பில்லோ ஏற்காது.

50000 ஏன், 51200 ஏன் இல்லை? கேபி என்றால் சிலர் 1000 பைட், சிலர் 1024 பைட் என்று எண்ணுகிறார்கள். மேல் வரம்புக்கு 50000, கீழ் வரம்புக்கு 20480 என்று வைத்தால் இரண்டு கணக்கிலும் தப்பலாம்.

இப்போது அக்கா மகளின் சிக்கலுக்கு வருவோம். 200க்கு 230 என்பது 46,000 பிக்சல்தான். இறுக்காமலே வைத்தாலும் 1,38,000 பைட். அதை ஜேபெக் ஆக்கினால் பல படங்கள் 20 கேபியைத் தொடுவதே இல்லை. எடை 20480க்குக் கீழே வந்தால் சேவ் வரியில் சப்சாம்ப்ளிங்=0 என்று சேருங்கள். ஜேபெக் வழக்கமாக நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கித்தான் சேமிக்கும். இது அதை நிறுத்தும். எடை கூடும், நிறமும் துல்லியமாக இருக்கும். அப்போதும் போதவில்லை, அறிவிப்பும் 200க்கு 230ஐக் கட்டாயமாக்கவில்லை என்றால், அதே விகிதத்தில் 300க்கு 345 கொடுத்துப் பாருங்கள். குவாலிட்டியை 95க்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று பில்லோவின் ஆவணமே சொல்கிறது.

இவ்வளவிலும் மூலம்.ஜேபிஜி மேல் நாம் கை வைக்கவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜேபெக்கைத் திறந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும், திரும்ப வராது. எண்ணை மாற்றி மறுபடி ஓட்டும்போதெல்லாம் மூலத்திலிருந்தே தொடங்குங்கள்.

கையெழுத்துக்கும் இதே நிரல்தான், ஒரு மாற்றத்தோடு. ஃபிட் ஓரத்தை வெட்டும். கையெழுத்தின் வால் போய்விடும். அதற்குப் பதிலாக 'பேட்' கட்டளை, வெட்டாமல் சுருக்கி, மீதி இடத்தை நிரப்பித் தரும்:

    படம் = இமேஜ்ஆப்ஸ்.பேட்(படம், (140, 60), கலர்="ஒயிட்")

வரம்புகளை 20000, 10240 என்று மாற்றுங்கள். எடை 10240ஐத் தொடவில்லை என்றால் இங்கேயும் சப்சாம்ப்ளிங், அப்புறம் அறிவிப்பு அனுமதித்தால் 280க்கு 120.