கோழி திடீரென்று காலூன்றாமல் படுத்துவிட்டால்

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றவை ஓட, ஒன்று மட்டும் எழ முடியாமல் சிறகை ஊன்றித் தவித்தால், முதலில் அதைப் பிரித்து, வைக்கோல் பரப்பிய கடகப்பெட்டியில் நிழலில் வையுங்கள். மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். தண்ணீரும் ஊறவைத்த கம்பும் அலகுக்கு எட்டும்படி இருக்கட்டும்.

பிறகு கோழியை மடியில் கிடத்தி, இறகுகளை விலக்கிப் பாருங்கள். சிறகடியில் உண்ணிக்குஞ்சுகளோ சிவந்த கடிவடுக்களோ தெரிந்தால், உண்ணிக்கடியால் வந்த வாதமாக இருக்கலாம். வளர்ந்த உண்ணி பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்து இரவில் மட்டுமே இரத்தம் குடிக்கும் என்பதால், கோழியை மட்டும் பார்த்து இல்லையென்று முடிவு செய்யாமல், கூட்டின் பலகை இடுக்குகளையும் கிளறுங்கள். உள்ளங்காலில் கருத்த பொருக்குடன் வீக்கம் இருந்தால் அது ஆணிப்புண். முட்டையிடும் கோழி வால் தாழ்த்தி முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். வயிற்றை அழுத்தாமல் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள்.

இளங்கோழி ஒரு காலை முன்னும் ஒன்றைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் நோயைச் சந்தேகிக்கலாம், அதற்கு மருந்தில்லை. பச்சைக்கழிச்சலும் கழுத்துத் திருகலும் சேர்ந்தால் இராணிக்கெட் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடமோ, திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லுங்கள்.