வீட்டு கேஸ் அடுப்பில் அண்டா நிறைய பீர் கொதிக்கவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து லிட்டர் அளவில் வீட்டு பீர் தயாரித்துக் கைதேர்ந்தவர்கள் 20 லிட்டருக்குப் போக நினைக்கும்போது, பெரும்பாலும் முதலில் ஒரு பெரிய அண்டாவைத்தான் வாங்குகிறார்கள். அந்த அண்டாவைக் கொதிக்கவைக்கும் திறன் தங்கள் அடுப்புக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

கணக்கு எளிதானது. 20 லிட்டர் பீர் கிடைக்க வேண்டுமானால், ஆவியாகப் போவதையும் அடியில் தங்கும் கசடையும் சேர்த்துச் சுமார் 25 லிட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு அடுப்பில் ஏற வேண்டும். ஊறவைத்த தானியத்திலிருந்து வடித்த சாறு 65 டிகிரி செல்சியஸில் இருப்பதாகக் கொண்டாலும், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,700 கிலோஜூல் வெப்பம் தேவை. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் 3 கிலோவாட் அளவுடையது என்றும், அந்த வெப்பத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே பாத்திரத்துக்குள் போகிறது என்றும் வைத்துக்கொண்டால், கொதி வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். குளிர்ந்த நீரில் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். கொதி வந்த பிறகும் சிக்கல் தீராது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும் என்பதால், மணிக்கு மூன்று லிட்டர் ஆவியாகும்படி நன்றாகக் கொதிக்க, கிட்டத்தட்ட 1.9 கிலோவாட் வெப்பம் சாற்றுக்குள் இடைவிடாமல் போய்ச் சேர வேண்டும். அது கிடைக்காத அண்டாவில் சாறு மேலே லேசாக நடுங்கிக்கொண்டிருக்குமே தவிர, புரண்டு கொதிக்காது.

இந்த நிலையில் பலரும் மூடியைப் போட்டு மூடிவிடுகிறார்கள். கொதி வரும்வரை மூடி வைப்பதில் குற்றமில்லை, பக்கத்திலேயே நின்று கவனித்தால். ஆனால் கொதி வந்த பிறகு மூடி திறந்தே இருக்க வேண்டும். மால்ட்டில் இயல்பாக உள்ள ஒரு பொருள் வெப்பத்தில் சிதைந்து டைமெத்தில் சல்ஃபைடு உண்டாகிறது. திறந்த பாத்திரத்தில் அது ஆவியோடு வெளியேறிவிடும், மூடிய பாத்திரத்திலோ மூடியில் திரண்ட நீரோடு சேர்ந்து மீண்டும் உள்ளேயே சொட்டும். அப்படித் தயாரான பீரில் வேகவைத்த மக்காச்சோள வாடை வீசும். வெளிர்நிறப் பில்ஸ்னர் மால்ட்டில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால்தான், வழக்கமான 60 நிமிடக் கொதியை அதற்கு 90 நிமிடமாக நீட்டுகிறார்கள்.

அடுத்த தவறு உயிரைத் தொடுவது. அகன்ற அண்டாவை இரண்டு பர்னர்களின் மேல் குறுக்காக வைத்து இரண்டையும் முழு அளவில் திறந்துவிடும்போது, சுடருக்குப் போதிய காற்று கிடைக்காமலும், சுடர் தன் போக்கில் எரிந்து முடிவதற்குள் குளிர்ந்த உலோகத்தில் மோதியும், எரிதல் அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுடரின் நீலம் மங்கி மஞ்சள் நாக்குகள் எழுவதும், அண்டாவின் அடியில் கரி படிவதும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். ஆனால் அவை தெரியவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தலைவலியோ கிறுகிறுப்போ தோன்றினால் உடனே அனைவரும் வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டுச் சன்னல்களை அடைத்து வைப்பதும் தவறுதான். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால், அருகிலுள்ள கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகையைக்கூட அந்த ஃபேன் வீட்டுக்குள் இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி மாட்டுவது, அண்டா வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய செலவு என்பது என் கருத்து.

வீட்டு அடுப்பு போதவில்லை என்று, திறந்தவெளியில் பயன்படுத்துவதற்காக உள்ள உயர் அழுத்த பர்னரைச் சமையலறைக்குள் கொண்டுவருவதைப் பற்றி நீட்டி விளக்கத் தேவையில்லை. சன்னல் திறந்திருந்தாலும் அதைச் செய்யவே கூடாது.

எடையையும் பார்க்க வேண்டும். நிறைந்த அண்டா 30 கிலோவை நெருங்கும். கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பு அந்தப் பாரத்தில், அதிலும் அகன்ற அடி கீழ்நோக்கித் திருப்பி அனுப்பும் சூட்டில், வெடித்துவிடக்கூடும். அதே சூடு கேஸைத் திறந்து மூடும் குமிழ்களையும் உருக்கும்.

ஆவியைப் பொருட்படுத்தாதது இன்னொரு தவறு. ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் நீர் அறையின் காற்றில் கலக்கிறது. எரியும் கேஸும் தன் பங்குக்கு நீராவியைத் தருகிறது. அது சுவரிலும் அலமாரிகளின் உட்புறத்திலும் படிந்து பூஞ்சைக்கு இடங்கொடுக்கும். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: உயரமான அண்டாவின் விளிம்பு சிம்னிக்கு மிக அருகில் போய்விடுவதால், அதன் ஃபில்டரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஆவியில் இளகி, மஞ்சள் துளிகளாகச் சாற்றில் விழும். எண்ணெய் கலந்த பீரில் நுரை நிற்காது. காய்ச்சும் நாளுக்கு முன்பே ஃபில்டரைக் கழற்றிக் கழுவிவிட வேண்டும்.

பொங்கி வழிவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நீண்ட நேரம் எதுவும் நடக்காமல் இருந்த சாற்றின் மேல், கொதிநிலையை நெருங்கும்போது பழுப்பு நிற நுரை ஆடையாகத் திரண்டு தடிக்கும். பின் ஓரங்களில் விரிசல் விட்டு, பாலைப் போலச் சட்டென்று எழும்பும். மால்ட்டின் புரதம் திரிந்து துணுக்குகளாகப் பிரியும்வரை இந்த நுரை அடங்காது. 25 லிட்டர் சாற்றுக்கு 33 லிட்டருக்குக் குறையாத அண்டா வேண்டும். சுடரைக் குறைப்பது, துழாவுவது, நுரையின் மேல் குளிர்ந்த நீரைத் தெளிப்பது ஆகிய மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். அடங்கிவிட்டது என்று நினைத்து கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் முதல் பங்கை மொத்தமாகக் கொட்டினால் மறுபடியும் பொங்கும். சிறிது சிறிதாகவே இட வேண்டும். வழிந்த சாறு அடுப்பைப் பிசுபிசுப்பாக்குவதைவிட, அது சுடரை அணைத்துவிட்டு கேஸ் மட்டும் தொடர்ந்து கசிவதே பெரிய ஆபத்து. சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் அமைப்பு இல்லாத அடுப்பாக இருந்தால், அந்த இடத்தை விட்டு ஒரு நிமிடமும் நகரக் கூடாது. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றைச் சுண்டவைத்த பாகு அல்லது பொடி) சேர்ப்பவர்கள் சுடரை முழுவதும் அணைத்துவிட்டுச் சேர்த்துக் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நேரே அடியில் போய்த் தங்கித் தீய்ந்துவிடும்.

கொதித்த அண்டாவை ஆறவைப்பதற்காக இரண்டு பேர் பிடித்துத் தொட்டிக்குத் தூக்கிச் செல்வது, நான் அறிந்தவரை, எல்லாவற்றிலும் முட்டாள்தனமான தவறு. 60 டிகிரி திரவமே சில நொடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும்; சர்க்கரை கலந்த சாறு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அடுப்பின் மேலேயே செம்புக் குழாய்ச் சுருளை இறக்கி, அதற்குள் குளிர்ந்த நீரை ஓடவிட்டு ஆறவைத்து, பிறகு குழாய் வழியே இறக்குவதுதான் முறை. சுருளின் இணைப்புகளில் நீர் கசிகிறதா என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறிய சாற்றில் சொட்டும் பச்சைத் தண்ணீர் கிருமிகளையும் கொண்டுவரும்.

அடுப்பை வருத்துவதைவிடச் சாற்றைப் பிரிப்பதே நல்லது. பன்னிரண்டு பன்னிரண்டு லிட்டராக இரண்டு பாத்திரங்களில், தனித்தனி பர்னர்களில், ஹாப்ஸையும் அதே விகிதத்தில் பிரித்துக் கொதிக்கவைத்தால் சாதாரண அடுப்பே ஓரளவு ஈடுகொடுக்கும். எக்ஸ்ட்ராக்ட் பயன்படுத்துவோர் பாதி அளவு நீரில் கொதிக்கவைத்து, நொதிக்கும் கலனில் மீதி நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது எக்ஸ்ட்ராக்ட் முழுவதையும் தொடக்கத்திலேயே சேர்த்தால் நிறம் கருக்கும். சாறு அடர்த்தியாகிவிடுவதால் ஹாப்ஸின் கசப்பும் சரியாக இறங்காது. ஆகவே பாதியைக் கடைசி 10 அல்லது 15 நிமிடங்களுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். பின்னர் சேர்க்கும் நீர், கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்கட்டும். அந்த நீர் அடர்ந்த சாற்றின் மேல் தனியாக மிதந்து நிற்கும் என்பதால், நன்றாகக் கலக்கிய பிறகே, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை இறக்கி அளவு பார்க்க வேண்டும்.