லூபஸ் உள்ள கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்தலாமா?

"மாசமா இருக்கறப்ப எதுக்கு அம்முணி இத்தன மாத்திர? நிறுத்திப்போடு." கோபி, தாராபுரம் பக்கம் பெரியவர்கள் அக்கறையோடு சொல்லும் பேச்சு இது. உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்தான் லூபஸ். அது உள்ள பெண் இந்தப் பேச்சைக் கேட்டு, தான் எடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு. அது மலேரியா மாத்திரைதானே என்று கேட்பார்கள். மலேரியாவுக்கு வந்த மருந்துதான், ஆனால் பல பத்தாண்டுகளாக லூபஸுக்கும் அதுவே அடிப்படை மருந்து. எடுக்கக் கூடாது என்பதற்குத் தகுந்த காரணம் இல்லாவிட்டால், லூபஸ் உள்ள கர்ப்பிணிகள் எல்லோரும் அதை எடுக்க வேண்டும் என்கிறது அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்.

நிறுத்திய பெண்ணுக்கு உடனே ஒன்றும் ஆகாது. மருந்து உடம்பில் ஒரு மாதத்துக்கு மேலும் தங்கும். "நிறுத்தினேன், நல்லாத்தானே இருக்கேன்" என்ற தைரியம் வருவது அதனால்தான். அப்புறம் ஐந்தாம், ஆறாம் மாதத்தில் நோய் கிளம்பலாம். விரல் மூட்டு வீங்கும், சிறுநீர் நுரைத்துப் போகும், பிரஷர் ஏறும். மாசமானால் கால் வீங்கத்தான் செய்யும் என்று அதையும் விட்டுவிடக் கூடாது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

எல்லா மாத்திரையும் தொடரலாம் என்று நினைப்பதும் தப்பு. லூபஸுக்குத் தரும் வேறு மருந்துகளான மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்ஸேட் இரண்டும் கருவுக்குக் கேடு, அவற்றைக் கரு தரிக்கும் முன்பே டாக்டர் சொல்படி மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது நஞ்சுக்கொடி. அது கர்ப்பப்பைத் தசைக்குள் ஊன்றிவிட்டால் பிரசவத்தின்போது பிரியாது. ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியும் வரலாம். லூபஸ் தாய்க்கு இப்படி ஆனால் பழியை மாத்திரை மேல் போடுவதற்கு முன் பழைய சிசேரியன் தழும்பைப் பாருங்கள். லூபஸ் தாய்மார்களுக்குச் சிசேரியன் அதிகம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால், ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 சதவீதம் பேருக்கும், இரண்டு ஆனவர்களில் 40 சதவீதம் பேருக்கும் இப்படி ஊன்றியிருந்ததாக அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் (2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு).

நம் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. திருப்பூரில் வாழும் பெண் பிரசவத்துக்குப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போவாள். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி திருப்பூர் பீரோவிலேயே கிடக்கும். ஸ்கேன் எடுப்பவருக்குப் பழைய தழும்பு பற்றித் தெரியாது. அந்த ஃபைலைக் கையோடு கொண்டுபோங்கள். "நஞ்சுக்கொடி தழும்பு மேல இருக்குதுங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருந்தால் சிறு நர்ஸிங் ஹோம் வேண்டாம். ரத்த வங்கியும் அறுவைக் குழுவும் எந்நேரமும் தயாராக இருக்கும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் மாத்திரையை விட வேண்டாம். தாய்ப்பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும், தாராளமாகப் பால் கொடுக்கலாம்.