இன்ஜின் மாற்றும்போது ஒயரிங்கிலும் ஈ.சி.யு.விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேறொரு காரின் இன்ஜினைத் தன் காரில் ஏற்ற நினைப்பவர்கள் மவுண்ட் பொருந்துமா, கியர் பாக்ஸ் சேருமா, ரேடியேட்டர் தாங்குமா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். ஒயரிங் பற்றிய நினைப்பு இன்ஜின் உள்ளே இறங்கி உட்கார்ந்த பிறகுதான் வரும். அதற்குள் காலம் கடந்திருக்கும். ஒயரிங்கின் மிகப் பெரிய தவறு பழைய காரிலிருந்து இன்ஜினைக் கழற்றும் இடத்திலேயே நடந்துவிடுகிறது.

கழற்றுபவர் நேரத்தை மிச்சம் பிடிக்க, ஒயர்களின் கட்டான ஹார்னஸை நடுவில் வெட்டிவிடுவார். வெட்டிய ஹார்னஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் நான்கைந்து ஒயர்கள் இருக்கும். எது எங்கே போனது என்று தேடியே வாரங்கள் ஓடிவிடும். இன்ஜினில் தொடங்கி ஃபியூஸ் பாக்ஸ் வரை முழுதாக, கனெக்டர்களோடு வாங்குங்கள். கூடவே ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), சாவி, இம்மொபிலைசர் யூனிட் (வேறு சாவியால் வண்டி ஓடாமல் தடுக்கும் பாகம்), சாவித் துளையைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம் ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வை மோட்டார் திறக்கும் அமைப்பு) என்றால் ஆக்சிலரேட்டர் பெடலும் அந்தக் காருடையதே வேண்டும். பெடலில் இருக்கும் இரண்டு சென்சார்களின் வோல்டேஜும் தான் எதிர்பார்க்கும் விகிதத்தில் இல்லாவிட்டால் ஈ.சி.யு. த்ராட்டிலைத் திறக்கவே விடாது.

சாவியைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். அதற்குள் இருக்கும் சிறிய சிப்பின் அடையாளம் ஈ.சி.யு.வுக்குத் தெரிந்தால்தான் வண்டி ஓடும். தெரியாவிட்டால், இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நிற்கும். சில கார்களில் செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பெட்ரோல் கோளாறு என்று எண்ணி பம்ப், பிளக், காயில் என எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இன்ஜினில் எந்தக் குறையும் இருக்காது.

ஈ.சி.யு.வின் மேலுள்ள பார்ட் நம்பரையும் பாருங்கள். ஒரே இன்ஜின் ஆட்டோமேட்டிக்கிலும் மேனுவலிலும் வந்திருக்கலாம். ஆட்டோமேட்டிக்குக்கான ஈ.சி.யு. கியர் பாக்ஸின் பதிலுக்காகக் காத்திருக்கும்; பதில் வராவிட்டால் பிழைக் குறியீடு காட்டும், சில சமயம் வேகத்தையும் கட்டுப்படுத்திவிடும்.

அடுத்தது எர்த். என் அனுபவத்தில் 'சென்சார் கெட்டுவிட்டது' என்று சொல்லப்படும் கோளாறுகளில் பல கடைசியில் எர்த்தில் போய்த்தான் முடியும். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. இன்ஜின் பிளாக்கையும் சேஸிஸையும் இணைக்கும் தடித்த பட்டையை மறந்துவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் கேபிள் உறை, மெல்லிய சென்சார் எர்த் என்று கிடைத்த வழியில் எல்லாம் பாயும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எர்த்தை மீண்டும் முடுக்குங்கள். சென்சார்களின் எர்த் ஈ.சி.யு.வுக்கே திரும்பிப் போக வேண்டும். அதை பாடியில் எங்காவது முடிந்து வைக்காதீர்கள்.

ஈ.சி.யு.வுக்கு 12 வோல்ட் எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் கரண்ட் வரும் ஒயர்கள் எல்லாம் செல்ஃப் அடிக்கும்போதும் கரண்ட் தருவதில்லை. சில அந்த நேரத்தில் அணைந்துவிடும். அப்படிப்பட்ட ஒயரில் இணைத்தால் செல்ஃப் சுற்றும்போதெல்லாம் ஈ.சி.யு. தூங்கிப்போகும். ஃபியூயல் பம்ப்பையோ ஒருபோதும் நேராக இக்னிஷன் ஒயரில் இணைக்கக் கூடாது. இன்ஜின் நின்றால் ஈ.சி.யு. ரிலே வழியாகப் பம்ப்பை நிறுத்த வேண்டும். விபத்தில் குழாய் அறுந்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

புதிய கார்களின் ஈ.சி.யு. கேன் என்னும் இரட்டை ஒயர் வழியாக ஏ.பி.எஸ்., மீட்டர் போர்டு ஆகியவற்றோடு பேசும். அந்த ஒயர்களின் இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. பல கார்களில் ஒன்று ஈ.சி.யு.வுக்குள்ளேயும் மற்றொன்று வேறொரு யூனிட்டுக்குள்ளேயும் இருக்கும். ஈ.சி.யு.வை மட்டும் கொண்டுவந்தால் மற்றது பழைய காரிலேயே தங்கிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு ஒயர்களுக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும்; 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் இல்லை என்று பொருள். இரு ஒயர்களையும் முறுக்கியே கொண்டுபோங்கள்.

ஒயர்களை நீட்டும்போது சரியான டூலால் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணையுங்கள். ஆக்சிஜன் சென்சார் ஒயரில் சால்டர் (உருக்கிய ஈயப் பற்று) வேண்டாம்; பல சென்சார்கள் ஒயரின் இழைகளுக்கிடையே வரும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கின்றன, சால்டர் அந்த வழியை அடைத்துவிடும். பாடியில் வெல்டிங் வேலை மிச்சமிருந்தால் பேட்டரியையும் ஈ.சி.யு.வையும் கழற்றிய பிறகே தொடங்குங்கள்.

ஈ.சி.யு.வின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவதற்கான டயக்னாஸ்டிக் சாக்கெட்டைக் கடைசிக்குத் தள்ளிவைக்காமல் முதலிலேயே ஒயர் செய்துவிடுங்கள். 16-ஆம் பின்னுக்கு நிரந்தர 12 வோல்ட், 4-க்கும் 5-க்கும் எர்த், கேன் இருந்தால் அதன் இரு ஒயர்களும் 6-க்கும் 14-க்கும். பிறகு ஃபியூயல் பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு, ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடித்துப் பாருங்கள். சுற்றும்போது ஆர்.பி.எம். இருநூறை ஒட்டி ஏதாவது காட்டினால், இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.யு.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் பேசுகிறது. பூஜ்யத்திலேயே நின்றால் ஃபியூஸைத் திரும்பப் போடாமல் அந்த சென்சாரின் ஒயரைப் பின்தொடருங்கள்.