அடம்பிடிக்கும் பிள்ளையோடு தினமும் ஐந்து நிமிடம்

சொன்ன பேச்சு கேட்காத, கோபம் வந்தால் கையை ஓங்குகிற 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக, 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய 'பெற்றோர்-பிள்ளை உறவாடல் சிகிச்சை' (PCIT) என்ற பயிற்சி இது. அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாட, பயிற்சியாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காதுக்கருவி வழியாகச் சொல்லிக்கொடுப்பார். கண்டிக்கும் முறை இரண்டாம் கட்டத்தில்தான் வரும். முதல் கட்டம் முழுக்க விளையாட்டு. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள். நாள் முழுக்கத் திட்டு மட்டுமே கேட்கும் பிள்ளையிடம் எந்தக் கட்டளையும் எடுபடாது.

வீட்டில் செய்ய: தினமும் 5 நிமிடம், டிவியும் போனும் இல்லாமல். கட்டைகள், களிமண், கிரேயான் போதும். ஜெயிப்பு தோல்வி உள்ள ஆட்டங்கள், பந்து, துப்பாக்கி வேண்டாம். அவை சண்டையில் முடியும். எதை விளையாடுவது என்பது பிள்ளையின் முடிவு. நீங்களும் அதையே செய்யுங்கள்.

பேச்சில்தான் பயிற்சியே இருக்கிறது. பிள்ளை செய்வதை அப்படியே சொல்லுங்கள்: "சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறே." பிள்ளை "இது பஸ்" என்றால், "ஆமா, பெரிய பஸ்" என்று திருப்பிச் சொல்லுங்கள். வெறும் "குட்" போதாது. "பொம்மையை மெதுவா வச்சே, ரொம்ப நல்லாருக்கு" என்றால்தான் எதற்குப் பாராட்டு என்று புரியும். 5 நிமிடத்தில் இந்த மூன்றும் தலா 10 முறை வர வேண்டும். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்ந்து 3ஐத் தாண்டக்கூடாது. பெரும்பாலும் சறுக்குவது கேள்வியில்தான். "இது என்ன கலர்?" என்றதும் விளையாட்டு பரீட்சையாகிவிடுகிறது.

சிணுங்கினால், கத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீங்கள் பாட்டுக்கு விளையாடுங்கள். முதலில் கத்தல் கூடும். அப்போது மனமிளகித் திரும்பினால், இன்னும் சத்தமாகக் கத்தினால் பலிக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடங்கிய கணமே பாராட்டுங்கள். விளையாட்டின் நடுவே அடித்தால், உடைத்தால் அன்றைய ஆட்டத்தை அத்தோடு நிறுத்துங்கள்.

மேலே சொன்ன 10, 3 என்ற எண்ணிக்கை கைவந்த பிறகே இரண்டாம் கட்டமான கட்டளை. "எடுத்து வைக்கலாமா?" என்று கேட்காமல், "காரைக் கூடையில் போடு" என்று ஒன்றே ஒன்று சொல்லி, 5 விநாடி வாய்மூடிக் காத்திருங்கள். செய்தால் உடனே பாராட்டு. மறுத்தால் தனி நாற்காலியில் உட்காரவைக்கும் முறையைப் பயிற்சியாளர் துணையோடு மட்டும் தொடங்குங்கள்.

இரண்டாம் கட்டத்திலும் தினசரி விளையாட்டு நிற்கக்கூடாது. காலையில் தம்பியை அடித்தான் என்று அன்றைய ஐந்து நிமிடத்தைப் பறிக்காதீர்கள்.